லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? மலையக வியாபாரி போட வேண்டிய கணக்கு

2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவாகவும், 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாகவும் உயர்ந்தது. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தது. லொறிக்கு வாரம் 50 லீற்றர், வேனுக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்றே ஆரம்பத்தில் ஒதுக்கினார்கள். கொட்டகலையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்வர ஏறக்குறைய 260 கிலோமீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு அந்த ஒரு பயணத்துக்கே 43 லீற்றர் போய்விடும். மீதி 7 லீற்றரில் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைக் கடைகளுக்கு எப்படிச் சாமான் கொடுப்பது?

அந்த ஒதுக்கீட்டு முறை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அது கற்றுத் தந்த கணக்கை வியாபாரிகளாகிய நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கம்பனிக் கணக்கு

நம் நாட்டில் அதிகம் ஓடும் டொயோட்டா அக்குவா கார் 2011 இல் ஜப்பானில் அறிமுகமானபோது, லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. அது ஜே.சி.08 என்ற ஜப்பானியச் சோதனையில் கிடைத்த அளவு. ஆய்வுகூடத்தில், சுழலும் உருளைகளின் மீது சக்கரத்தை வைத்து ஓட்டிப் பார்ப்பதே அந்தச் சோதனை. அங்கே கினிகத்தேனை ஏற்றமும் இல்லை, வட்டவளை வளைவும் இல்லை. போதாக்குறைக்கு, சில சிறிய கார்களின் எரிபொருள் தரவுகளைத் திரித்ததாக 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே விளம்பரத்தில் வரும் எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

மேட்டுக் கணக்கு

கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. கொட்டகலை ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு தொன் எடையை 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, சாதாரண டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் செலவாகும். லொறியின் எடை 3 தொன், சாமான் 3 தொன் என்று வைத்துக்கொண்டால், உயரத்துக்காக மட்டும் ஏறக்குறைய 7 லீற்றர் எரிகிறது. சமதரையில் ஓடினாலும் செலவாகும் எரிபொருள் வேறு.

ஹைபிரிட் கார் இறக்கத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்கலம் சிறியது. நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். அதன்பின் கிடைக்கும் சக்தி வீண்தான்.

சாரதியைச் சந்தேகிக்கலாமா?

இங்கு பலசரக்குக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். "நானா, லொறியை வித்தவர் லீற்றருக்குப் பத்து ஓடும் எண்டு சொன்னார். எனக்கு ஆறுதான் வருது. டிரைவர் டீசல விக்கிறானோ தெரியல்ல" என்றார். பல வருடமாக அவரிடம் வேலை செய்யும் சாரதியை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார்.

"தம்பி, பழி சொல்ல முந்தி நீங்களே ஒருக்கா அளந்து பாருங்க" என்றேன். தாங்கியை வாய்வரை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொண்டார். லொறியில் தானும் ஏறிக் கொழும்பு போய்வந்து, அதே ஷெட்டில் மீண்டும் வாய்வரை நிரப்பினார். ஓடிய கிலோமீற்றரை நிரப்பிய லீற்றரால் வகுத்தார். ஆறுக்குச் சற்றே மேல்! சாரதியின் தொழிலும் மானமும் தப்பின. ஒரு தடவையோடு நிறுத்தாமல் மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது. அதன்பின் அளவு திடீரென்று குறைந்தால், முதலில் டயர் காற்றையும் எயார் பில்டரையும் பிரேக் இறுக்கத்தையும் பாருங்கள்.

மிச்சம் பிடிக்கும் வழி

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்போர் இன்னும் இருக்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. எஞ்சினின் பிடி இல்லாமல் பிரேக் சூடேறிச் செயலிழந்துவிடலாம். கியரில் இறங்கி அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாதிருக்கக் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அதில் இலாபமும் இல்லை.

சாமான் இறக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்து வையுங்கள். கொழும்புக்கு வெறும் லொறியை அனுப்பாதீர்கள். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று கீழே போக நம் பக்கத்தில் எப்போதும் சரக்கு உண்டு. இறக்கத்தில் பாரம் கூடினாலும் டீசல் பெரிதாகக் கூடாது. கிடைக்கும் கூலி பயணச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

வியாபாரிக்கு முக்கியமான எண் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது மட்டுமல்ல, ஒரு கிலோ சாமானுக்கு எத்தனை ரூபா டீசல் என்பதுதான். அரிசி மூடைக்கும் சீனி மூடைக்கும் விலை போடும்போது அந்த எண் கையில் இல்லையென்றால், ஒன்றில் நாம் நட்டப்படுவோம், அல்லது தோட்டத் தொழிலாளியிடம் அதிகமாக வாங்குவோம். இரண்டுமே நல்ல வியாபாரமல்ல. லொறியில் ஒரு சின்னக் கொப்பியையும் பேனையையும் வைத்துவிடுங்கள். அடுத்த முறை டீசல் அடிக்கும்போதே கணக்கைத் தொடங்கலாம்.