படிவமும் வயலும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களைத் தேடிப் படிவத்தோடு வருபவர்கள் பலர். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்பது பதில் சொன்னவருக்குத் தெரிய வருவதில்லை.

முகாமைத்துவ ஆய்வு என்ற பெயரில் நடப்பவற்றில் பலவும் இப்படித்தான். முகாமைத்துவம் என்றால் இருக்கிற நீரையும் பணத்தையும் ஆட்களையும் ஒழுங்காகப் பயன்படுத்துவது. நமது வட்டவிதானைமார் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைப்பதில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பெரிய இடம் உண்டு. அவற்றைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவர்களும் பேராசிரியர்களே. மொழி பெரும்பாலும் ஆங்கிலம். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கு அது உதவியதா என்று எவரும் புள்ளி போடுவதில்லை.

சராசரிக் கணக்கையே பாருங்கள். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலில் நீர் நிரம்பி நிற்கிறது. கடைசி வயல் வெடித்துக் கிடக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் ‘போதிய நீர்’ என்று விடை வரும். கணக்கில் பிழை இல்லை. கடைசி வயலில் வேளாண்மைதான் இல்லை.

இதற்கு மாறான ஓர் ஆய்வு நமது அம்பாறை மாவட்டத்திலேயே நடந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் முப்பது வருடங்களில் தூர்ந்தும் உடைந்தும் போயிருந்தன. அவற்றைத் திருத்த அமெரிக்க அரசு உதவியது. விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பொறுப்பு கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்துக்கும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்தது. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் உப்ஹோப் இந்த அனுபவத்தை 1992இல் நூலாகவும் எழுதினார்.

1981இல் பட்டதாரி இளைஞர், யுவதிகள் கிராமங்களில் தங்கி வேலை செய்ய அனுப்பப்பட்டார்கள். சங்கம் அமைத்துத் தலைவரைத் தெரிவு செய்வதில் அவர்கள் தொடங்கவில்லை. முதலில் விவசாயிகளைச் சந்தித்து, பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். பிறகு, ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள் கூடி அதைத் துப்புரவாக்கினார்கள். முறைவைத்து நீர் எடுத்தார்கள். சங்கம் அதன் பின்னரே வந்தது. அந்த வருடம் சேனாநாயக்க சமுத்திரத்தில் கால் பங்களவு நீரே இருந்தது. புதிய முயற்சிக்குக் கெட்ட காலம் என்றே தோன்றும். ஆனால் பங்கிட வேண்டிய தேவையை எல்லோருக்கும் விளங்க வைத்தது அந்தப் பஞ்சம்தான். மேலே இருந்தவர்கள் மிச்சம்பிடித்த நீரைக் கீழே விட்டார்கள். வாய்க்கால் திருத்தும் திட்டங்களிலும் விவசாயிகளின் ஆலோசனை கேட்கப்பட்டது. எந்த இடத்தில் கரை உடைக்கும், எந்தத் துருசில் நீர் ஏறாது என்பது அங்கே விதைப்பவருக்குத்தானே தெரியும்!

குறையும் இருந்தது. நிரந்தர நியமனம் இல்லாததால் பட்டதாரிகள் பலர் ஆசிரியர் வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விவசாயிகள் விட்டுவிடவில்லை. 1988இல் அரசாங்கமும் விவசாயிகள் பங்கேற்கும் நீர் முகாமைத்துவத்தைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது.

1997 சிறுபோகத்தில், நெல் செய்கைக்குக் குளத்தில் போதிய நீர் இல்லை என்று சொல்லப்பட்டது. விவசாய அமைப்புகள் ஒன்றுகூடி நீரைச் சமமாகப் பங்கிட்டுச் சுமார் 65,000 ஏக்கரில் வழமையிலும் நல்ல விளைச்சல் எடுத்தன. அது யுத்த காலம். வாய்க்காலின் மேலே இருந்தவர்கள் சிங்கள விவசாயிகள். கீழே இருந்தவர்கள் தமிழ் பேசும் விவசாயிகள்.

ஆகவே, படிவத்தோடு வருபவரை விரட்ட வேண்டியதில்லை. இதை யார் படிப்பார்கள், முடிவைத் தமிழில் எப்போது கொண்டுவந்து வாசித்துக் காட்டுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பல வருடங்களாகப் போக முடியாத உங்கள் வயலுக்கு எந்த வாய்க்காலால் நீர் வந்தது, வரம்பு எதுவரை இருந்தது, பக்கத்தில் விதைத்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.