உங்களுக்குத் தெரியுமா? இருபது ரூபாயில் மூன்று வேளை

வியாசர்பாடியில் கையில் 20 ரூபாய் மட்டும் இருந்தாலும் ஒரு நாள் பசியைச் சமாளிக்கலாம். அம்மா உணவகத்தில் காலையில் ஐந்து இட்லி 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ராத்திரி நாலு சப்பாத்தி, பருப்போடு 6. மொத்தம் 19. மீதி ஒரு ரூபாய்க்கு மறுநாள் ஒரு இட்லி!

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய இந்த உணவகங்களில் சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ரேஷன் கார்டு கேட்பதில்லை. காசு கொடுத்து டோக்கன் வாங்கினால் போதும். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், தீர்ந்துபோனால் அந்த வேளைக்கு அவ்வளவுதான். வீட்டில் பொங்கித் தின்ன நினைப்பவர்களுக்கு, அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்.