80-ஆ, 220-ஆ? உப்புத்தாள் வாங்கும் முன் பின்பக்கம் பாருங்க!

விருத்தாசலம் என்றாலே செராமிக். உங்க வீட்டுக் கதவைத் தேய்க்கும் உப்புத்தாளும் அதே குடும்பம்தான். அதில் ஒட்டியிருப்பது மணல் இல்லை. மின் உலையில் உருவாகும் அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கான் கார்பைடு. இரண்டுமே செராமிக்.

தாளின் பின்னால் உள்ள எண் கூடக் கூட, துகள் சிறுசாகும். மரத்துக்கு 80-ல் தொடங்கி 120, 180, 220 என ஏறணும், ரேகை ஓடும் திசையிலேயே. 80-லிருந்து நேரா 220-க்குத் தாவினால் கீறல் அப்படியே தங்கும். வார்னிஷ் அடிச்சதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

துருப்பிடித்த கேட்டுக்கு எமரி துணி. பிறகு வழவழப்புக்கு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர். இரும்பைத் தேய்த்த தாளை மரத்துக்கு எடுக்காதீங்க. ஒட்டிய இரும்புத்துகள் ஈரம் பட்டால் தேக்கில் கறுப்புக் கறை விழும்.

செராமிக் வேலையில் விளிம்பை ஈரப் பஞ்சால் சீவுவது சிலிக்கா தூசிக்குப் பயந்துதான். சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது. வீட்டில் எதிரி, பழைய பெயின்ட்டில் உள்ள ஈயம். 90 பிபிஎம் உச்சவரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். ஈரமாக்கி, என்95 மாஸ்க் போட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிட்டு ஆரம்பிங்க.