மழைத்துளி சொன்ன சாட்சி

பல நாள் வெயிலுக்குப் பின் ஒரு பெருமழை பெய்து ஓய்ந்ததும் முற்றத்தில் இறங்கி நின்று பார்த்தால், வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்திருக்கும். தெருவோர மரங்களின் இலைகளிற் படிந்திருந்த புழுதி மறைந்திருக்கும். தொலைவிலுள்ள கோயிற் கோபுரம் அருகே வந்துவிட்டது போலத் தோன்றும். காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று நாம் மகிழ்கின்றோம். ஆயின், காற்றிலிருந்த அழுக்கு எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. அஃது அழிந்துவிடவில்லை, மழைநீரோடு கலந்து நிலத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. அவ்வாறாயின், ஒரு நகரத்துக் காற்றின் தன்மையை அறிய விரும்புவோர், அக்காற்றினூடே இறங்கிவந்த மழைநீரைச் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா?

இந்த எளிய வினாவை எழுப்பி, அதன் விடையைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் றொபேட் ஆங்கஸ் சிமித் என்னும் இரசாயன அறிஞர். அவர் கண்டறிந்த உண்மையையும், அதனை உலகம் எவ்வளவு காலந்தாழ்த்திக் கேட்டது என்பதையும் இன்று நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

புகை மூடிய பட்டணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரம் பருத்தி ஆலைகளின் தலைநகராய் விளங்கிற்று. ஆலைகளை இயக்கிய நீராவி எந்திரங்களுக்கும், வீட்டு அடுப்புகளுக்கும் நிலக்கரியே எரிபொருள். நிலக்கரியிற் கந்தகம் உண்டு. அஃது எரியும்போது கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயு வெளிப்படுகின்றது. ஈரக் காற்றில் அவ்வாயுவே கந்தக அமிலமாக மாறுகின்றது.

இருந்தும், புகையை வெறுத்தவர் தொகை சிறிதே. புகைபோக்கியிற் புகை எழுந்தால் ஆலை ஓடுகின்றது; ஆலை ஓடினால் கூலி கிடைக்கும்; கூலி கிடைத்தால் வீட்டில் உலை கொதிக்கும். இருமலும் கண்ணெரிச்சலும் பட்டண வாழ்க்கைக்குக் கொடுக்கவேண்டிய விலை என்றே மக்கள் எண்ணினர். காற்று நஞ்சாகின்றது என்று வாயாற் சொன்னால் யார் நம்புவர்? மூக்கு உணர்வதை நீதிமன்றம் ஏற்குமா? அளந்து காட்டினாலன்றி வழக்கு நிலைக்காது.

1817ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்திற் பிறந்த சிமித், ஜேர்மனியில் லீபிக் என்னும் புகழ்பெற்ற இரசாயன ஆசிரியரிடம் கற்றுத் தேர்ந்து, மாஞ்செஸ்டருக்கு வந்து சேர்ந்தவர். நகரத்து மழைநீரையும் நகரத்துக்கு அப்பால் விழுந்த மழைநீரையும் சேகரித்து அவர் சோதித்தார். 1852ஆம் ஆண்டில் அந்நகரத்து இலக்கிய தத்துவக் கழகத்தின் ஏட்டில் தம் முடிபை வெளியிட்டார்.

அவர் கண்டது மூன்று வளையங்கள். தொலைவிலுள்ள வயல்வெளிகளில் மழைநீரில் அமோனியாவின் காபனேற்று இருந்தது. நகரத்தின் புறஞ்சேரிகளில் அமோனியாவின் சல்பேற்று இருந்தது. நகரத்தின் நடுவிலோ கந்தக அமிலமே காணப்பட்டது. இதன் பொருள் யாது? விலங்குகளின் கழிவிலிருந்தும் அழுகும் பொருள்களிலிருந்தும் எழும் அமோனியா, அமிலத்தை எதிர்த்து அதன் கடுமையைத் தணிக்க வல்லது. வயல்வெளியில் அதற்கு எதிரி இல்லை. புறஞ்சேரியில் அது கந்தக அமிலத்தோடு கூடி அதனை அடக்கிவிடுகின்றது. நகர நடுவில் அமிலத்தின் அளவு மிகுந்துவிடுவதால் அமோனியா தோற்றுப்போகின்றது. சாயமிட்ட துணிகள் நிறம் மங்குவதற்கும் உலோகங்கள் துருப்பிடிப்பதற்கும் இவ்வமிலமே காரணம் என்று சிமித் எடுத்துரைத்தார். துணியை விற்று வாழ்ந்த பட்டணத்தின் புகையே அத்துணியின் நிறத்தைக் கெடுத்தது!

ஆலைக்குள் பெய்த மழை

அக்காலத்தில் சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை, உப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு தயாரித்தனர். அத்தொழிலில் ஐதரோக்குளோரிக்கமில வாயு பெருமளவில் வெளியேறிற்று. ஆலைகளைச் சூழ்ந்த மரங்கள் பட்டுப்போயின, பயிர்கள் கருகின. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். ஆனால் பல புகைபோக்கிகள் நெருங்கி நிற்குமிடத்தில், குற்றம் எந்தப் புகைபோக்கியினுடையது என்று எவ்வாறு நிறுவுவது?

பரிகாரமோ முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1836ஆம் ஆண்டில் வில்லியம் கொசேஜ் என்பவர், ஒரு கோபுரத்தினுள்ளே விறகுச் சுள்ளிகளை நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். நீர் அமிலத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கிற்று. வானத்து மழை காற்றுக்குச் செய்வதையே அவர் ஆலைக்குள் செய்வித்தார் என்று கூறின் மிகையாகாது. ஆயினும், கட்டாயம் இல்லாதவிடத்து எல்லா முதலாளிகளும் இதனைக் கவனமாகக் கையாளவில்லை.

1863ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றிற்று. சோடா ஆலைகள் தம் ஐதரோக்குளோரிக்கமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை வெளியேறாமல் தடுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 'புகையைக் குறையுங்கள்' என்ற பொதுவான உபதேசம் அன்று இது. அளந்து பார்க்கத்தக்க ஓர் எண். அதனைச் செயற்படுத்தும் முதலாவது பரிசோதகராகச் சிமித்தே நியமிக்கப்பட்டார். அவர் தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதிலும், அளவுகளைக் காட்டி இணங்கவைப்பதிலேயே நம்பிக்கை வைத்தார். ஆலை அதிபர்களிடம் மிகவும் மென்மையாக நடக்கின்றார் என்று குறை கூறியோரும் இருந்தனர். எனினும் விரைவிலேயே ஆலைகள் சட்டம் கேட்ட அளவை எட்டின.

கேளாத செவிகள்

ஆனால் அச்சட்டம் ஒரே ஒரு தொழிலின் ஒரே ஒரு வாயுவை மட்டுமே பிடித்தது. மழைநீர் முதன்முதலிற் குற்றஞ்சாட்டிய நிலக்கரிப் புகை அதன் கைக்கு அகப்படவில்லை. சிமித் சோர்ந்துவிடவில்லை. பிரித்தானியத் தீவுகளின் பல பாகங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் மழைநீரைப் பெற்றுச் சோதித்து, 1872ஆம் ஆண்டில் 'காற்றும் மழையும்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் 'அமில மழை' என்ற தொடரை அந்நூலிற் காணலாம். நூல் வெளிவந்தது, அறிஞர் சிலர் படித்தனர், பின்னர் அது நூலக அலுமாரிகளில் உறங்கிற்று. 1884ஆம் ஆண்டிற் சிமித் காலமானார்.

1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரைக் கரும்புகை கலந்த மூடுபனி ஐந்து நாட்கள் மூடிற்று. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, 1956இல், வீட்டு அடுப்பின் புகையையும் கட்டுப்படுத்தும் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. சிமித்தின் முதற் கட்டுரைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே நூற்றுநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மழை அத்துடன் பேசுவதை நிறுத்தவில்லை. புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டியதால் அயலவர்க்குத் தொல்லை குறைந்தது. கந்தகமோ காற்றோடு நாடுவிட்டு நாடு சென்றது. அமெரிக்காவின் நியூஹாம்ஷயர் மாநிலக் காடொன்றில் 1963ஆம் ஆண்டு முதல் மழைநீரைச் சோதித்தவர்கள், ஆலைகள் இல்லாத அவ்விடத்திலும் அமில மழையைக் கண்டு வியப்படைந்தனர். 1967ஆம் ஆண்டில் சுவந்தே ஓடேன் என்னும் சுவீடன் நாட்டு விஞ்ஞானி, தம் நாட்டு ஏரிகள் அமிலமாகி வருவதற்குப் பிறநாட்டுப் புகையே காரணம் என்று நாளிதழ் ஒன்றில் எழுதியபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1979ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நாடுகள் கூடி, எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன்பின் ஐரோப்பாவின் கந்தகப் புகை பெரிதும் குறைந்துள்ளது.

மழையைப் படிக்கும் முறை

மாணவர்கள் இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். மாசற்ற மழையும் சிறிதளவு அமிலத் தன்மை உடையதே. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நீரிற் கரைவதே இதற்குக் காரணம். அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. மாசற்ற மழை ஏறத்தாழ 5.6. இவ்வளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு பெருகிற்று என்பது பொருள்.

ஆயின், அமிலம் இல்லாத மழை மாசில்லாத மழை என்று முடிவு கட்டிவிடலாகாது. சுண்ணாம்புத் தூசியும் அமோனியாவும் அமிலத்தை மறைத்துவிடும். சிமித் புறஞ்சேரியிற் கண்டது இதுவே. ஆகவே அமிலத்தை மட்டுமன்றிச் சல்பேற்று, நைத்திரேற்று, அமோனியா, குளோரைட்டு ஆகியவற்றையும் அளந்தே ஆய்வாளர் முடிவு செய்வர். எங்கள் இலங்கையைப் போன்ற தீவில் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து மழையிற் சேர்க்கின்றது. கடலுப்பில் உள்ள விகிதத்துக்கு மேலாகச் சல்பேற்று இருந்தால் மட்டுமே அதற்கு வேறு மூலத்தைத் தேடல் வேண்டும்.

மழை பெய்யாத நாளிற் காற்று எப்படி இருந்தது என்பதையும், முகிலில் இருந்து வந்த மாசு எது, தெருவிலிருந்து எழுந்த மாசு எது என்பதையும் மழைநீர் தனியே சொல்லமாட்டாது. காற்றையே நேராக அளக்கும் கருவிகளுக்கு அது துணை, மாற்று அன்று.

எனினும் முதற் பாடத்தை வீட்டிலேயே படிக்கலாம். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின்போது, கூரைநீரும் மரநீரும் விழாத திறந்த வெளியில், நன்கு கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை உயரமான பீடத்தின்மேல் வையுங்கள். முதற் பத்து நிமிட மழையை ஒன்றிலும், அரைமணி கழித்து விழுவதை வேறொன்றிலும் ஏந்துங்கள். இரண்டையும் ஒரே அளவாக எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஊற்றி, தூசி விழாத இடத்தில் வற்றவிடுங்கள். எஞ்சும் படிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலாவது தட்டே கூடுதலாக அழுக்கேறியிருக்கும். பெருந்தெரு ஓரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரும் அதே மழையில் இச்சோதனையைச் செய்தால், ஒப்பிடுவதற்கு மேலும் ஒரு சாட்சி கிடைக்கும்.

அத்தட்டிற் படிந்திருப்பது சில கணங்களுக்கு முன்வரை நமக்கு மேலேயுள்ள காற்றில் மிதந்தது. மழை பெய்திராவிடின் அதில் ஒரு பகுதி நம் மூச்சோடு உள்ளே சென்றிருக்கும். மழை எந்த ஆலைக்கும் அஞ்சாது. எவருக்காகவும் பொய் சொல்லாது. மாஞ்செஸ்டரில் அது சொன்ன சாட்சியைக் கேட்க நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அத்தனை ஆண்டுகளும் மூச்சுத் திணறியோர் சாதாரணக் குடும்பங்களின் குழந்தைகளும் முதியோருமே. நம் பட்டணங்களில் அது சொல்வதை நாம் அவ்வளவு தாமதித்துக் கேட்கலாகாது.