காது படித்த பாடசாலை

எலெக்ட்ரானிக் நடன இசைக்காரர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. ஒன்று ஏளனம்: பொத்தானை அமுக்குகிறான், பாட்டு தானாக வருகிறது, இவனுக்கு ஸ்வரம் தெரியுமா? இன்னொன்று பாராட்டு: எங்கும் போய்ப் படிக்காமல், வீட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட வைத்துவிட்டான். கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. இசைப் பயிற்சி என்றால் வாத்தியத்தில் கை பழகுவது, கை பழகாதவன் பயிற்சியே இல்லாதவன் என்ற நம்பிக்கை அது. கேள்வி ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேடையேறியவர்களை மதித்துப் பழகிய நாம் இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1980களில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இந்த இசையை உண்டாக்கியவர்களுக்கு நீண்ட, கறாரான பயிற்சி இருந்தது என்பதே என் வாதம். அது காதுக்கும் காலுக்கும் கிடைத்த பயிற்சி. ஆடுகிறவர்கள் நிறைந்த அறைதான் அதைக் கொடுத்தது. கருவி பிறகு வந்தது.

வரிசையாகப் பார்த்தால் இது தெரியும். ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977-ல் நியூயார்க்கிலிருந்து சிகாகோ வந்து 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ரெக்கார்டு போடத் தொடங்கினார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே நகரத்தின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ராக் ரசிகர்களுக்கு அது ஒரு கூத்து. பெரிய ரெக்கார்டு கம்பெனிகளும் சீக்கிரமே டிஸ்கோவைக் கைகழுவின. ஆனால் ஆட வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். புதுச் சரக்கு வரத்துக் குறைந்ததும் நக்கிள்ஸ் இருக்கிற பாட்டுகளை ரீல் டேப்பில் வெட்டி ஒட்டினார். பாடகர் பாடும் இடத்தைச் சுருக்கி, தாளமும் பேஸும் மட்டும் ஓடுகிற இடத்தை நீட்டினார். பின்னாளில் டெட்ராய்ட்டின் டெரிக் மே விற்ற ஒரு டி.ஆர்.-909 ட்ரம் மெஷினும் அவர் கைக்கு வந்தது. 'ஹவுஸ்' என்று பெயர் பெற்ற இந்த இசையின் முதல் ரெக்கார்டு என்று பலரும் சொல்கிற 'ஆன் அண்ட் ஆன்' 1984-ல் வெளியானது. அதைச் செய்த ஜெஸ்ஸி சாண்டர்ஸும் டி.ஜே.தான். தன் நிகழ்ச்சிகளில் வழக்கமாகப் போட்டுவந்த ரெக்கார்டு திருடுபோக, அதற்கு ஈடாக ஒன்றைத் தானே செய்துகொண்டார். இசையமைப்பாளர் ஆகவேண்டும் என்ற கனவிலிருந்து கிளம்பிய இசை அல்ல இது. சனிக்கிழமை இரவு அறையில் எதைப் போடுவது என்ற நெருக்கடியிலிருந்து கிளம்பியது.

"சரி, ஆனால் அந்த மெஷினில் தாளம் போட என்ன திறமை வேண்டும்?" நியாயமான கேள்விதான். ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-808 ட்ரம் மெஷினின் முகப்பில் கீழ் வரிசையில் 16 பொத்தான்கள் இருக்கும். நான்கு நான்காகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. 1, 5, 9, 13 ஆகியவற்றில் கிக் ட்ரம்மை வைத்தால் 'தும் தும் தும் தும்' என்ற நேர்நடை வந்துவிடும். 3, 7, 11, 15-ல் ஹை-ஹாட்டைத் திறந்துவிட்டால் கால் தானாக எழும்பும். பள்ளிப் பையனுக்கு ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தைத் தாண்டிய பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. இதை எத்தனை நேரம் ஓட விடுவது? கிக்கை எப்போது எடுப்பது? எடுத்த பிறகு கூட்டம் எவ்வளவு நேரம் பொறுக்கும்? திரும்ப எப்போது கொடுப்பது? இதற்கெல்லாம் எந்த இசைப்பள்ளியிலும் பாடம் கிடையாது. ஒரு ஹவுஸ் ரெக்கார்டின் முதல் நிமிடம் வெறும் தாளமாகவே போவதைக் கேட்டுப் பலர் சலித்துக்கொள்வார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. தையல்காரர் சட்டையின் ஓரத்தில் விட்டுவைக்கிற கூடுதல் துணியைப் போன்றது. முந்தைய ரெக்கார்டின் வாலோடு இதன் தலையை டி.ஜே. இணைக்க இடம் வேண்டாமா? அந்த வேலையை இரவு இரவாகப் பார்த்தவருக்கும் செய்தவருக்கும்தான் எவ்வளவு துணி விட வேண்டும் என்று தெரியும்.

சிகாகோவின் 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. டி.ஜே. பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று பேர் 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் சேர்ந்திருந்தார்கள். செகண்ட் ஹேண்டாக வாங்கிய டி.பி.-303 ஒன்று அவர்களிடம் இருந்தது. பேஸ் கிட்டார்காரர் இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்கிற கிட்டார் கலைஞருக்குத் துணையாக ரோலண்ட் செய்த பெட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்காததால் யாரும் சீண்டவில்லை. 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் ஸ்வரங்கள் ஓடிக்கொண்டிருக்க, பியர் குமிழ்களைத் திருகிக்கொண்டே போனார். பிழிந்தெடுப்பது போன்ற, கீச்சிடுகிற ஒரு ஓசை வந்தது. அந்த டேப்பை மியூசிக் பாக்ஸின் டி.ஜே. ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் முறை போட்டபோது ஆடுகளம் காலியானது. ஹார்டி விடவில்லை. அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது என்பார்கள். 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரில் ரெக்கார்டாக வந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற தனி இசை வகைக்கே பெயர் கொடுத்தது. இதில் யார் இசையமைப்பாளர்? குமிழைத் திருகிய பியரா, நான்கு முறை போட்ட ஹார்டியா, முதலில் மறுத்துப் பிறகு ஏற்ற கூட்டமா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் டேப் ஒரு அலமாரியில் கிடந்திருக்கும்.

இதெல்லாம் கருவியின் வேலை, மலிவாகக் கிடைத்த மெஷின்தான் இசையைப் பிறப்பித்தது என்பார்கள். இதற்குப் பதில் அமெரிக்காவில் இல்லை, பம்பாயில் இருக்கிறது. சரண்ஜித் சிங் இந்திப்பட இசைக்குழுக்களில் பல ஆண்டுகள் வாசித்த கை. எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன் பதிவுகளிலெல்லாம் கிட்டார் வாசித்தவர். அவர் டி.ஆர்.-808, டி.பி.-303, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு 1982-ல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பத்தைப் பதிவுசெய்தார். நம் மோகனத்துக்கு இணையான பூபாளி, இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் உட்படப் பத்து ராகங்கள். அடியில் விடாமல் ஓடுகிற டிஸ்கோ நடை. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு 303 வழுக்கிச் செல்கிற விதம் ராகத்துக்கு வேண்டிய இழுப்பாகவே பொருந்திப்போகிறது. இன்று கேட்டால் 'ஆசிட் ட்ராக்ஸ்'க்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. அதே பெட்டிகள், ஐந்து ஆண்டுகள் முன்பு, சிகாகோ இளைஞர்களைவிடப் பல மடங்கு தேர்ந்த விரல்கள். ஆனாலும் ரெக்கார்டு விலைபோகவில்லை, ஒரு சீடரைக்கூட உண்டாக்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது. விற்பனையில் கோட்டை விட்டார்கள் என்று இதை முடித்துவிட முடியாது. 1980-ல் 'குர்பானி' படமும் 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்' படமும் நாட்டையே கலக்கிய காலம் அது. டிஸ்கோவுக்கு இங்கே சந்தை இருந்தது. பாட்டாக, நடிகர் வாயசைக்கிற சினிமாப் பாட்டாக இருந்தது. பாடகர் இல்லாமல் ஒரே சுழற்சி ஐந்து நிமிடம் ஓடினால் அதற்குள் எப்படி நுழைவது என்று தெரிந்த அறைதான் இல்லை. மெஷின் இசையைப் பிறப்பிக்குமென்றால் ஆசிட் ஹவுஸ் பம்பாயில் பிறந்திருக்க வேண்டும்.

டெட்ராய்ட்டைக் காட்டி என்னை மடக்கலாம். அங்கே பிறந்த டெக்னோ இசையின் மூலவர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பள்ளியில் படித்தது நகரத்துக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில். கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே இருந்த இடம். வேர்ஹவுஸ் மாதிரி ஒரு கிளப்புக்குள்ளேயே அவர்கள் வளரவில்லை. ஆனால் அவர்களுக்கு ரேடியோ இருந்தது. 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற அறிவிப்பாளர் பார்லிமென்ட் குழுவையும் பிரின்ஸையும் ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழுவையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் போடுவார். எது கறுப்பர் இசை, எது வெள்ளையர் இசை என்ற வேலி அங்கே இல்லை. பேஸ் கிட்டார் வாசித்துவந்த அட்கின்ஸ், கோர்க் எம்.எஸ்.-10 சிந்தசைசரில் கைவைத்து, 1981-ல் 'சைபோட்ரான்' என்ற பெயரில் முதல் ரெக்கார்டைக் கொண்டுவந்தார். ஆகவே அறை என்று நான் சொல்வது நான்கு சுவர் மட்டும் அல்ல. ஒரே நேரத்தில் பலர் ஒரே ஒலியைக் கவனிக்கிற எந்த இடமும் அறைதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. முறையாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இதில் இருக்கிறார்களே? உண்மை. க்ராஃப்ட்வெர்க்கின் ஃப்ளோரியன் ஷ்னைடர் புல்லாங்குழல் பயின்றவர். ஹவுஸ் இசையின் மிக நுட்பமான படைப்பாளி என்று நான் கருதுகிற லாரி ஹெர்ட், மெஷினைத் தொடுவதற்கு முன் குழுக்களில் ட்ரம்ஸ் வாசித்தவர். டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' (1987) நெஞ்சைப் பிடிப்பதற்குக் காரணமான பியானோ, மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் வாசித்தது. அந்தக் கைக்கு உரிய பெயர் பல ஆண்டுகள் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம். பயிற்சி இல்லாத மேதை என்ற கதை இப்படித்தான் சிலரை மறைத்துவிடுகிறது. கை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜேம்ஸின் மெதுவான மெட்டை அறுத்து, வேகமாக்கி, மாற்றி அடுக்கி, பேஸே இல்லாமல் ஓட விட்டால் அறை பித்துப்பிடித்து ஆடும் என்று கணித்தது வேறொரு கல்வி. ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ஸெட், இசைக்கலைஞர் குடும்பத்துப் பிள்ளை. நான்கு வயதில் பியானோ, பிறகு மெட்டல் குழுவில் ட்ரம்ஸ். அத்தனையும் இருந்தும் எலெக்ட்ரானிக் இசைப் பக்கம் அவரைத் திருப்பியது ஜஸ்டிஸ் என்ற பிரெஞ்சு இரட்டையரின் ஆல்பத்தைக் கேட்டதுதான். மறுபக்கத்தில் மார்ஷல் ஜெஃபர்சன். சிகாகோ தபால் இலாகா ஊழியர், மியூசிக் பாக்ஸ் வாடிக்கையாளர். 'மூவ் யுவர் பாடி'யின் (1986) பியானோவை அந்த வேகத்தில் வாசிக்க அவருக்குக் கை வராது. மிக மெதுவாக வாசித்துப் பதிவுசெய்து, சீக்வென்சரில் வேகத்தைக் கூட்டினார். கை வராததை மெஷின் சரிக்கட்டியது. எது வேண்டும் என்று அவர் காதுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை எந்த மெஷினும் சரிக்கட்டாது.

நமக்கு நெருங்கிய ஒருவரும் இந்த வரிசையில் வருகிறார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரால் திரும்ப லண்டன் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. கல்லூரியில் படித்தது சினிமா. எலாஸ்டிகா குழுவின் சுற்றுப்பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 பெட்டி ஒன்றை வைத்துத் தனியாளாக மேடையை நிரப்புவதைப் பார்த்தார். அதே பெட்டியில்தான் தன் முதல் பாட்டுகளைப் போட்டார். 'அருளர்' (2005) ஆல்பத்தின் இசைக்கு லண்டன் தெருவும் டான்ஸ்ஹாலும் ஹிப்-ஹாப்பும் ஆசான். அடுத்த ஆல்பமான 'கலா'வின் (2007) ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அதில் உறுமி அலறுகிறது. உறுமியை எங்கே வைத்தால் லண்டன் கிளப்பில் எடுபடும் என்பது உறுமிக்காரருக்கும் தெரியாது, லண்டன் டி.ஜே.க்கும் தெரியாது. இரண்டு இடத்தின் காதும் இருந்தவருக்குத் தெரிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இன்றைய பையன் கிளப் வாசலையே மிதிக்காமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் தொடங்குகிறானே? நெதர்லாந்தின் மார்ட்டின் கேரிக்ஸ் 'அனிமல்ஸ்' பாட்டை வெளியிட்டபோது (2013) வயது 17. ஆனால் அவரும் எட்டு வயதில், ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டி.ஜே. டியெஸ்டோ ஒரு மைதானத்தையே ஆட்டிவைத்ததைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மாத வாடகைக்குக் கிடைக்கிற தயார் ஒலித்துணுக்குகளை அடுக்கி, யார் ஆடுகிறார்கள் என்றே தெரியாமல் வெளியிடப்படுகிற பாட்டுகள் குவிகின்றன. அவை ஒன்றுபோல ஒலிப்பதற்குக் காரணம் மென்பொருள் என்று பழிபோடுவது சுலபம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புறப்பகுதி இளைஞர்களிடமும் பெரும்பாலும் எஃப்.எல். ஸ்டூடியோ என்ற அதே மாதிரி மென்பொருள்தான் இருந்தது, பழைய கம்ப்யூட்டரில். அவர்களிடமிருந்து 'கோம்' என்ற கறுத்த, முரட்டுத்தனமான, நேர்நடையைக் கைவிட்ட புதிய தாளம் வந்தது. ரேடியோ கண்டுகொள்ளாத அந்தப் பாட்டுகளை அவர்கள் மினிபஸ் டாக்சி ஓட்டுநர்களிடம் கொடுத்தார்கள். டாக்சியின் பெரிய ஸ்பீக்கரில் போட்டு, ஏறுகிறவர்கள் தலையாட்டுகிறார்களா, நிறுத்தச் சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். தேறிய பாட்டு ஊர் முழுக்கப் போனது. தேறாதது மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்தது.