விலங்கு நீக்கிய மருத்துவம்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். கால் முறிந்தவரைத் தோளில் சுமந்து செல்கிறோம். மனம் நோயுற்றவரை மட்டும் நெடுங்காலம் கட்டிவைத்தோம். அவ்வாறு கட்டிவைத்ததன் விளைவாக 28 பேர் தீக்கு இரையான நிகழ்வு தமிழ்நாட்டில் நடந்தது. நோய் கொன்றதா, பராமரிப்பின் குறை கொன்றதா என்னும் வினாவை அந்நிகழ்வு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றது.

இரண்டு பயணங்கள்

காட்பாடிச் சந்திப்பில் தொலைதூரத் தொடர்வண்டி ஒன்று வந்து நிற்கும் வேளையில் நடைமேடையைக் கவனித்தால், தமிழைவிட வங்காளமும் இந்தியும் மிகுதியாகக் காதில் விழும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து மருத்துவம் நாடி வருவோர் அங்கு இறங்கிப் பாலாற்றைக் கடந்து வேலூருக்குச் செல்கின்றனர். கையில் மருத்துவக் கோப்பு, தோளில் மூட்டை, உடன் ஓர் உறவினர் என்பது அவர்களின் அடையாளம். அவர்களுள் சிலர் நகரின் நடுவிலுள்ள பெரிய மருத்துவமனையோடு நில்லாமல், தெற்கே பாகாயத்திலுள்ள மனநல மையத்திற்குச் செல்வர். அவர்கள் அழைத்துவரும் நோயாளியின் உடலில் கட்டு இராது; காயம் இராது. ஆயினும், பல இரவுகள் உறங்காத களைப்பு முகத்தில் இருக்கும். உடன் வந்தவர் முகத்திலும் இருக்கும்.

இதே களைப்போடு வேறொரு திசையிலும் மக்கள் பயணம் செய்தனர், இன்றும் செய்கின்றனர். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி தர்கா மனநோயைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. சமய வேறுபாடின்றி எல்லாரும் அங்குச் சென்றனர். 'வீடு திரும்பலாம்' என்னும் ஆணை கனவில் கிடைக்கும்வரை அங்கேயே தங்கியிருப்பது வழக்கம். அவ்வாணை இரண்டு மாதத்திலும் வரலாம். சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். அவ்வளவு காலம் உடனிருக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் இயலும்? எனவே, நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தனியார் இல்லங்கள் தோன்றின. அவற்றுட் பலவற்றை நடத்தியவர்கள், ஒரு காலத்தில் தம் உறவினரின் நோய் தீர வேண்டி ஏர்வாடிக்கு வந்தவர்களே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கொடியவர்கள் கூடி அமைத்த ஏற்பாடாக அதனைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட இயலாது. மருத்துவர் இல்லாத இடத்தில், பயிற்சி இல்லாதவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டனர். அம்முறை கட்டிவைத்தல்.

2001 ஆகஸ்டு 6

பகலில் மரங்களில் கயிற்றாலும் இரவில் படுக்கையோடு இரும்புச் சங்கிலியாலும் நோயாளிகள் பிணைக்கப்பட்டனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஓர் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். காய்ந்த கீற்றில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரையை வளைத்துக்கொள்ளும். கால்கள் கட்டற்றவராய் இருப்பின் வெளியே ஓட அந்நேரம் போதுமானது. சங்கிலியை அவிழ்க்க அது போதாது. 25 பேர் அங்கேயே மாண்டனர். இறந்தோர் எண்ணிக்கை பின்னர் 28 ஆயிற்று.

உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வழக்கின் தலைப்பிலேயே 'சங்கிலியால் பிணைக்கப்பட்ட 25 பேர்' என்னும் தொடர் இடம்பெற்றிருக்கிறது. பின்னர் இறந்த மூவர் தலைப்பில் சேரவில்லை.

நிகழ்வு நடந்த ஒரு வாரத்திற்குள் ஏர்வாடியில் இருந்த இத்தகைய இல்லங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் சேர்க்கப்பட்டனர். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு இல்லத்தின் உரிமையாளர் உள்ளிட்ட நால்வருக்குச் சிறைத் தண்டனை வழங்கப்பட்டது. ஆயினும், குற்றம் நால்வரோடு முடிந்துவிடுவதாகக் கருத இயலவில்லை. மனநலச் சட்டம் 1987ஆம் ஆண்டே இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்திருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லத்திற்கு உரிமம் வேண்டும் என அச்சட்டம் கூறிற்று. சட்டம் இருந்தது, உரிமம் கேட்டு வாயிலில் நின்று பார்ப்பவர் இல்லை.

2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணைகள் சிலவற்றைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்தல், மாநிலத்திற்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் இருத்தல், கட்டிவைத்தல் சட்டத்திற்குப் புறம்பானது என்பதைச் சிற்றூர்வரை எடுத்துரைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தோல் பதனிட்டவர் அவிழ்த்த சங்கிலி

மனநோயாளியின் விலங்கை அகற்றிய வரலாறு பாரிசு நகரத்து பிசேத்ரு மருத்துவமனையில் தொடங்குவதாகக் கூறுவர். மருத்துவர் பிலிப்பு பினெல் தம் கையால் விலங்கை நீக்குவதாகப் பின்னாளில் கதைகள் எழுதப்பட்டன, ஓவியங்களும் வரையப்பட்டன. உண்மையில், 1797ஆம் ஆண்டு அங்குச் சங்கிலியை விலக்கியவர் சான் பாப்டிசுட்டு புசேன் என்னும் மேற்பார்வையாளர். அவர் மருத்துவர் அல்லர்; தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்துக் கழலை நோய்க்கு மருத்துவம் பெற அம்மருத்துவமனைக்கு வந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியில் அமர்ந்தவர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிலால் வாழும் குடும்பத்து மாணவர்கள் இப்பெயரை நினைவில் கொள்ளலாம்.

புசேனும் அவர்தம் மனைவி மார்கரீத்தும் கண்டறிந்தது எளிய உண்மை. அடிக்காமலும் கட்டாமலும் பேசிப் பழகினால் பெரும்பாலோர் அடங்குகின்றனர் என்பதே அது. தேவைப்பட்டபோது உடலை இறுக்கும் துணிச்சட்டையை அவர்களும் பயன்படுத்தினர். கட்டுப்பாடு முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும், அச்சத்தைக் குறைப்பதே மருத்துவத்தின் தொடக்கம் என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

வழிபாட்டிடங்களைப் பற்றிய ஓர் ஆய்வும் இதனையே உணர்த்துகிறது. தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூர் ஆய்வாளர்கள் உற்றுநோக்கினர். 2002ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் அதன் முடிவு வெளிவந்தது. மருந்தின்றியே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தலற்ற, அரவணைக்கும் சூழலே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே, நம்பிக்கையை மருத்துவத்தின் பகையாகக் கொள்ள வேண்டுவதில்லை. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது இப்புரிதலின் விளைவேயாகும். தர்காவுக்கு வருவோரைத் தடுப்பதைவிட, மருத்துவரை அங்கே அமர்த்துவது அறிவுடைமை.

பாகாயத்தின் வழி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை 1957ஆம் ஆண்டு பாகாயத்தில் தொடங்கியவர், கனடா நாட்டைச் சேர்ந்த மருத்துவர் பிளாரன்சு நிக்கல்சு. நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவராவது உடன் தங்க வேண்டும் என்பது அம்மையத்தின் முதன்மையான நெறி. ஏறத்தாழ அதே காலத்தில், அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்னும் மருத்துவர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கச் செய்தார். மேலை நாடுகளில் உறவினரைப் பார்வை நேரத்தில் மட்டும் அனுமதித்து வந்த காலம் அது.

உறவினர் உடனிருப்பதால் என்ன நிகழ்கிறது? நோயாளி கைவிடப்படுவதில்லை. மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு ஆகியவற்றை வீட்டார் அறிந்துகொள்கின்றனர். நோய் மீண்டும் தலைதூக்கும்போது முதலில் தோன்றும் குறி எது, உறக்கம் குறைவதா, பேச்சு மிகுவதா, உணவை ஐயுறுவதா என்பதைக் கண்டுகொள்ளப் பழகுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நிகழ்ந்தால் அதனைப் பார்க்கும் கண்கள் நோயாளியின் அருகிலேயே இருக்கின்றன. ஏர்வாடிக் கொட்டகையில் அவ்விரவு இல்லாமற் போனவை அக்கண்களே.

இம்முறைக்கும் விலை உண்டு. காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் பெண் ஒருவர், மகனோடு மூன்று வாரம் மருத்துவமனையில் தங்கினால் அத்தனை நாள் ஊதியத்தை இழப்பார். வேலையே போகவும் கூடும். குடும்பத்தின் அன்பை மருத்துவமுறையாகப் போற்றுவோர், அக்குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கான வழியையும் சேர்த்துச் சிந்திப்பதில்லை. குடும்பமே இல்லாமல் தெருவிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் அலையும் நோயாளிக்கு இம்முறை பயன்படாது என்பதும் உண்மை. அவர்களுக்கெனச் சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

தெரிந்து தெளிவோம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (நடைமுறைக்கு வந்த நாள்: 2018 மே 29): மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என 95ஆம் பிரிவு தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துதல், உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் மனநல மருத்துவரின் ஒப்புதலோடு செய்யத்தக்கது. அதனை 24 மணி நேரத்திற்குள் நோயாளியின் சார்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மனநல மருத்துவம் பெறுதல் ஒவ்வொருவரின் உரிமை என 18ஆம் பிரிவு கூறுகிறது.

தீயின்றி நேரும் இறப்புகள்

கொட்டகை எரிந்தால் நாடே அறியும். மனநலப் பராமரிப்பின் குறையால் நேரும் இறப்புகளுட் பெரும்பாலானவை ஓசையின்றி நிகழ்பவை. 2015–16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மருத்துவம் தேவைப்பட்டும் பெறாதோர் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடுவரை இருந்தனர். கடுமையான மனநோய் உடையவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இவ்விறப்புகளில் பல இதயநோய், நீரிழிவு, தொற்றுநோய் ஆகியவற்றால் நேர்பவை. நெஞ்சு வலிக்கிறது என மனநோயாளி கூறினால், அதனையும் மனத்தின் குழப்பமாகவே கேட்பவர் எண்ணிவிடுகிறார். அவ்வலிக்குச் செய்யவேண்டிய சோதனை செய்யப்படுவதில்லை.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதற்சில வாரங்களும் இடர் மிகுந்தவை. தற்கொலைக்கான வாய்ப்பு அக்காலத்தில் மிகுதி என்பதை உலகெங்கும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் தேறியதாகக் கருதி அனைவரும் விலகும் நேரத்தில், நோயாளி தனிமையில் விடப்படுகிறார். ஒரு வாரத்திற்குள் மருத்துவமனையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, அடுத்த சந்திப்புக்குக் குறித்துத் தரப்பட்ட நாள், மருந்து தீரும் முன்பே கிடைக்கும் மறுமருந்து ஆகியவை எளியவையாகத் தோன்றலாம். உயிரைக் காப்பவை பெரும்பாலும் இத்தகைய எளிய செயல்களே.

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு நடைமுறை உண்டு. ஐயத்திற்குரிய இறப்பை விசாரிக்கும் அலுவலர், அத்தகைய இறப்பு மீண்டும் நேரலாம் எனக் கருதினால், உரிய மருத்துவமனைக்கோ துறைக்கோ அறிக்கை அனுப்புவார். பெற்றவர் 56 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். எதனை மாற்றுவோம், எப்போது மாற்றுவோம் எனச் சொல்ல வேண்டும். மாற்றாவிடில் காரணம் கூற வேண்டும். அறிக்கையும் விடையும் பொதுவாக மக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. யார் குற்றவாளி என்பதைக் காட்டிலும் அடுத்தவர் எவ்வாறு பிழைப்பார் என்பதே அங்குக் கேட்கப்படும் வினா. நம் நாட்டில் பேரிறப்பு நேர்ந்தபின் ஆணையங்கள் அமைகின்றன. ஒவ்வோர் இறப்பிலிருந்தும் இவ்வாறு பாடம் கற்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

உதவி நாடும் வழி இன்று முன்னைவிட அண்மையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 104 என்னும் எண்ணிலும், 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தம் பொருட்டு மட்டுமன்றி, உறக்கமின்றித் தவிக்கும் தோழரின் பொருட்டும் பேசலாம். என்ன சொல்வது எனத் தெரியாதபோதும் பேசலாம்.