இனிக்கும் சென்ட்டும் கறுக்கும் கழுத்தும்

வெனிலா, காரமெல், சாக்லேட், காபி, வறுத்த பாதாம் என்று தின்பண்ட வாசனை அடிக்கும் சென்ட்டுகளை 'குர்மாண்ட்' வகை என்கிறார்கள். 1992-இல் தியரி முக்ளர் நிறுவனத்தின் 'ஏஞ்சல்' வந்த பிறகுதான் இந்த வகை உலகெங்கும் பரவியது. அதை வடிவமைத்த ஒலிவியே கிரெஸ்ப், பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்டாலையும் மண்வாசம் கொண்ட பச்சௌலி எண்ணெயையும் தாராளமாகக் கலந்தார். அதோடு டோங்கா விதை, சாம்பிராணி போன்ற அடர்த்தியான சரக்குகள் சேர்ந்தால் 'டார்க்' வகை. நம் ஊர்க் கடைகளிலும் இப்போது இதற்குத்தான் கிராக்கி.

கடையில் காகிதத் துண்டில் அடித்து நீட்டுவார்கள். முகர்ந்த கையோடு பில் போட்டுவிடுகிறோம். அப்போது மூக்கில் ஏறுவது பெரும்பாலும் ஆல்கஹாலும் பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன மணங்களும்தான். அவை சீக்கிரம் ஆவியாகிவிடும். பூ, மசாலா மணங்கள் அதன்பின் தலைகாட்டும். வெனிலின், கூமரின், பச்சௌலி, பிசின்கள் ஆகியவை மெதுவாக ஆவியாகிறவை. தோலின் சூட்டிலும் எண்ணெய்ப்பசையிலும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது இந்த அடிமணத்தைத்தான். அதனால் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மாலையிலும் பிடித்திருந்தால் மறுநாள் வாங்கலாம்.

இத்தனை நேரம் தங்குவதுதான் கவனிக்க வேண்டிய விஷயமும். காலையில் அடித்தது இரவு வரை தோலோடு ஒட்டிக்கிடக்கிறது. மூடிய கழுத்தின் வியர்வையில் ஊறுகிறது. கூமரின், இலவங்கப்பட்டையின் சின்னமால், கிராம்பின் யூஜெனால், பெரு பால்சம் என்ற பிசின் எல்லாமே சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. சாம்பிராணியும் அப்படித்தான். இயற்கைச் சரக்கு என்பதால் தோல் ஏற்றுக்கொண்டுவிடாது.

அடித்த உடனே எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல், கழுவினால் அடங்கும். ஒவ்வாமை அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. அரிப்பும் தடிப்பும் ஒரு நாள், இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள் கழித்துக்கூட வரும். பல மாதம் ஒத்துக்கொண்ட சென்ட் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது போவதில்லை. அந்தச் சரக்கை ஒதுக்குவது ஒன்றே வழி.

வெளிநாட்டுப் புத்தகங்கள் 'சிவந்து தடிக்கும்' என்று எழுதியிருக்கும். நம் மாநிறத் தோலில் பல நேரம் சிவப்பே தெரியாது. கழுத்தின் பக்கவாட்டிலும் காதுக்குக் கீழேயும் கருமை படரும், சாம்பல் பூத்ததுபோல் நிறம் மாறும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "கவரிங் செயின் போட்டு கறுத்துடுச்சு", "வெயில்ல அலையுற, அதான்." இதையெல்லாம் கேட்டு வெளுப்பாக்கும் கிரீமைத் தடவினால் அதிலுள்ள வாசனையும் சேர்ந்து நிலைமையைக் கெடுக்கும். பெர்கமாட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைத் தாக்கி, சென்ட் வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு போடும். அதை நீக்கிய எண்ணெய் உண்டு. உங்கள் பாட்டிலில் இருப்பது அதுதானா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பகலில் வெளியே போகிறவர்கள் கழுத்தில் அடிக்காமல் உடையில் அடிப்பது நல்லது. வெனிலின் காற்றில் பழுப்பேறும் என்பதால் வெள்ளைச் சட்டையில் மட்டும் வேண்டாம்.

கழுத்துக் கருமைக்குச் சர்க்கரை நோய் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆகவே தோல் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' பற்றிக் கேளுங்கள். சந்தேகப்படும் சரக்குகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு நாளும் பார்ப்பார்கள். போகும்போது பாட்டிலையும் கொண்டுபோங்கள். புதிதாக வாங்கியவர்கள் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரே இடத்தில் ஒரு வாரம் தினமும் தொட்டுவைத்துப் பார்க்கலாம்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு வார்த்தை. சாக்லேட் மணக்கும் பாட்டிலைக் குழந்தை வாயில் வைக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு எத்தில் ஆல்கஹால். அது குழந்தையின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இனி லேபிள். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் தங்கும் பொருளில் குறிப்பிட்ட ஒவ்வாமைச் சரக்கு 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பெயரை அச்சிட வேண்டும். 26 ஆக இருந்த அந்தப் பட்டியல் 2023-இல் 80-க்கும் மேலாக நீண்டது. புதுப் பொருள்களுக்கு 2026 ஜூலை 31-உம், ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31-உம் கெடு. இங்கே பல பாட்டில்கள் 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. நம் விதிகளும் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

ஆனாலும் இருக்கிற சட்டமே பலருக்குத் தெரியாது. சென்ட் நம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020 விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதி, உள்ளடக்கம், எம்.ஆர்.பி. எல்லாம் பாட்டிலிலோ அட்டைப்பெட்டியிலோ இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று பிரபல பெயரில் விற்பவற்றில் இவை இருக்காது, அல்லது பொய்யாக இருக்கும். உள்ளே எந்த ஆல்கஹால் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. போலி அழகுசாதனப் பொருளைத் தயாரித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் உண்டு. உங்கள் பகுதி மருந்துகள் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு இன்னும் ஒரு உரிமை தருகிறது: நீங்கள் வாங்கிய பொருளை, உரிய கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம்.

கடைக்காரர் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பில்லைக் காட்டினால் பின்வாங்காதீர்கள். மணம் பிடிக்கவில்லை என்பது குறைபாடு ஆகாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போலியோ கெட்டுப்போனதோ என்றால் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே கணக்கில் வரும். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இலவசமாகப் பதியலாம்.

தோல் பாதிக்கப்பட்டு இழப்பீடு கேட்பதென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. குறைபாடுள்ள பொருளுக்கும், போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'எனக்கு அரித்தது' என்பது மட்டும் போதாது. அந்தச் சென்ட்தான் காரணம் என்று காட்ட வேண்டும். ஆத்திரத்தில் பாட்டிலைக் குப்பையில் போட்டவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். மிச்சமுள்ள சென்ட், அட்டைப்பெட்டி, பில், தேதி தெரியும் கழுத்துப் படங்கள், மருத்துவர் சீட்டு, பேட்ச் டெஸ்ட் அறிக்கை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். வழக்குத் தொடர, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.